‘பதில் இல்லை’ என்று நான் எழுதிய வழக்கு

நீதிமன்றச் சுருக்கெழுத்து என்பது, வாயைத் திறக்காமல் நாள் முழுக்க மற்றவர்களின் பேச்சுக்குப் பின்னால் ஓடுகிற தொழில். கழுத்துப் பிடிப்பும் விரல் காய்ப்பும் கண்ட சகோதரர்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் ஒரு வழக்கில் நான் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

முறைப்பாடு செய்தவள் நீர்வேலிப் பக்கத்துப் பெண், வயது முப்பது. வாழைத் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போனவள். தோட்டத்துச் சொந்தக்காரர் தன்னைப் பலவந்தப்படுத்தினார் என்பதுதான் வழக்கு.

தோய்த்த சேலை

முதலில் தாய் கூண்டில் ஏறினாள். அன்றைக்கு மகளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் முழுக வார்த்து, கட்டியிருந்த சேலையையும் தோய்த்துக் காயப்போட்ட பிறகுதான் பொலிசுக்குப் போயிருக்கிறார்கள். இருந்த ஒரே தடயம் அந்தச் சேலை. தோட்டக்காரருக்காக வாதாட வந்த அப்புக்காத்து, சந்தோசத்தை மறைக்காமல், ஏன் தோய்த்தாய் என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் எந்தத் தாயும் அதைத்தான் செய்திருப்பாள். அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

“ஊத்தைச் சீலையோடை, ஆம்பிளையள் இருக்கிற பொலிஸ் கந்தோருக்குப் பிள்ளையை எப்பிடி ஐயா கூட்டிக்கொண்டு போறது?”

வாயில் வைத்த கை

மறுநாள் மகள். மண்டபம் நிறைய ஆண்கள். பாதிப்பேர் வேலைவெட்டி இல்லாமல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். “பக்கத்துத் தோட்டத்திலை சனம் நிண்டது. நீர் ஏன் கத்தேல்லை?” என்றார் அப்புக்காத்து. அவள் தன் உள்ளங்கையால் வாயையும் மூக்கையும் இறுக்கிப் பொத்தி, கண்ணீர் வழிய அப்படியே நின்றாள். ஜூரிமார் ஏழு பேரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். காதில் ஒன்றும் விழாததால் என் பென்சில் ‘பதில் இல்லை’ என்று எழுதியது.

ஜூரிமார் தோட்டக்காரரைக் குற்றவாளி என்றார்கள். அவர் அப்பீல் செய்தார். கொழும்புக்கு அனுப்ப வழக்கேட்டைத் தட்டச்சு செய்தபோதுதான் அந்த இரண்டு சொல்லும் என்னைச் சுட்டன. நீதிபதியிடம் சொல்லித் திருத்தலாமா என்று தலைமைக் கிளாக்கரிடம் ஓடினேன். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“நீர் கேட்டதை எழுதியிருக்கிறீர். கண்டதை எழுதச் சொல்லி உம்மை ஆரும் கேக்கேல்லை. பேசாமல் கட்டி அனுப்பும்.”

கொழும்பிலிருந்து வந்தது

கட்டி அனுப்பினேன். நீதிபதியின் அறை பத்தடி தூரந்தான், நான் போகவில்லை. பயந்தாங்கொள்ளி என்று நீங்கள் ஏசினால் மறுக்கமாட்டேன். சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. சேலையில் தடயம் இல்லை. ஏன் கத்தவில்லை என்று கேட்டதற்குச் சாட்சி பதில் சொல்லவில்லை. போதிய சான்று இல்லாதபடியால் விடுதலை. கொழும்பு நீதியரசர்களை நான் குறை சொல்லமாட்டேன். தங்களுக்கு வந்த கடதாசியைத்தான் அவர்கள் வாசித்தார்கள்.

அவள் தாயோடு எங்கள் நீதிமன்றக் கந்தோருக்கு வந்து, தீர்ப்பை வாசிக்கச் சொன்னாள். ‘பதில் சொல்லவில்லை’ என்ற இடத்தில் என்னை நிறுத்தினாள். ஏசவில்லை, அழவும் இல்லை.

“நான் சொன்னனான். நீங்கள் எனக்கு முன்னாலை இருந்து பாத்தனீங்கள்தானே, ஐயா?”

அடுத்த வருடம் எனக்குப் பதவி உயர்வு தந்தார்கள், சாட்சிகள் சொன்ன ஒரு சொல்லையும் தவறவிடாதவன் என்பதற்காக.