என் நோயின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி

ஒரு திங்கட்கிழமை காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக ஒழுகியது. துடைத்தேன். மறுபடியும் ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் இடது பாதி மட்டும் தூங்கிக்கொண்டிருப்பது போலத் தொங்கியிருந்தது. "டிரெயினுக்கு நேரமாச்சு எஸ்தரு" என்று என் கணவர் ஜெயசீலன் வாசலிலிருந்து கத்தினார். "வரேன்" என்று சொல்ல நினைத்தேன். குழறலாக ஏதோ வந்தது.

எங்கள் வீடு கூடுவாஞ்சேரியில். நான் செங்கல்பட்டில் ஒரு நீதிமன்ற அலுவலகத்தில் தட்டச்சர். என் அப்பா படாளத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு நட்டவர். எங்கள் குடும்பத்தில் கழுத்தில் அரசு அடையாள அட்டை மாட்டிய முதல் ஆள் நான். வாய் கோணி நின்ற அந்த நிமிஷத்திலும் எனக்கு முதலில் வந்த கவலை லீவு கிடைக்குமா என்பதுதான்.

நரம்பு டாக்டர் அது முகவாதம் (முக நரம்பு வீங்கி ஒரு பக்கத்துத் தசைகள் அசையாமல் போவது) என்றார். பயப்பட வேண்டாம், சரியாகிவிடும் என்று ஸ்டீராய்டு (நரம்பின் வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். அதிக அளவில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வீட்டில் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் நாளுக்கு நாள் நேரானது.

நான்காம் நாள் தூக்கம் போனது. ஆனால் அசதியே இல்லை. விடிவதற்குள் சமைத்து, துவைத்து, அலமாரியை அடுக்கி முடித்துவிடுவேன். இரண்டு நாள் லீவுக்குப் பிறகு அலுவலகம் போனபோது மூன்று நாள் வேலையை மதியத்துக்குள் அடித்து முடித்தேன். எல்லாம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. நாற்பது வருடமாக என் கண்ணில் இருந்த தூசியை யாரோ ஊதி எடுத்தது போல இருந்தது. அந்த நாள்களை நோய் என்று சொல்ல இன்றும் எனக்கு நாக்கு தயங்குகிறது.

எட்டாம் நாள் சாப்பாட்டு வேளையில் அலுவலகத்திலிருந்து எழுந்து போய் மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினேன். ஏன் என்று தெரியாது. கடற்கரையில் சங்கும் பாசிமாலையும் விற்கும் பெண்களிடம், உங்கள் குறைகளை நான் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். கொளுத்தும் வெயிலில் மணலில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியின் பேரும் குறையும் எழுதினேன். ஒரு முழு நோட்டு தீர்ந்தது. காதிலிருந்த கம்மலைக் கழற்றி, மாலை விற்கும் கௌரி என்ற பெண்ணிடம் கேஸ் செலவுக்கு வைத்துக்கொள் என்று கொடுத்தேன்.

கௌரி கம்மலை முந்தானையில் முடிந்துகொண்டு, என் அடையாள அட்டையிலிருந்த அவசர எண்ணுக்குப் போன் செய்தாள். ஜெயசீலன் வேலை செய்யும் தொழிற்சாலையிலிருந்து ஒரு நண்பரின் வேனில் வந்து சேர்ந்தபோது அவரிடம் சொன்னாள்: "அண்ணாத்த, இந்தா கம்மலு. அக்கா நல்ல மன்சிதான். ஆனா இன்னாவோ ஆயிகீது. பச்சத் தண்ணி கூட குடிக்காம பேசிகினே கீது. மொதல்ல ஆசுபத்திரிக்கு இட்டுகினு போ."

வேனில் ஏற்றும்போது நான் ஜெயசீலனின் மணிக்கட்டைக் கடித்தேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் இருந்தேன். அங்கிருந்த மனநல மருத்துவர் வயதானவர், பொறுமையானவர். எனக்கு வந்திருப்பது இருமுனைக் கோளாறு (மனம் அளவுமீறிப் பொங்குவதும், பிறகு அடியோடு சோர்ந்து விழுவதுமாக வரும் நோய்) என்றார். லித்தியம் (மனநிலையின் ஏற்ற இறக்கத்தை மட்டுப்படுத்தும் மருந்து), ஒலான்சபின் (பொங்கும் மனத்தை அடக்கித் தூங்க வைக்கும் மருந்து) இரண்டும் தொடங்கினார். "சுகர், பிரஷர் மாதிரிதாம்மா. ஆயுசுக்கும் மாத்திரை எடுத்துக்கணும்" என்றார். நான் தலையாட்டினேன். அப்போது எதற்கும் தலையாட்டியிருப்பேன்.

அடுத்த இரண்டு வருடம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. உடம்பு பருத்தது. ரவிக்கையெல்லாம் பிரித்துத் தைத்தேன். தாகம் தீரவே தீராது. மகள் ஷாலினி பள்ளி ஆண்டு விழாவில் மேடையில் பேசியபோது நான் முதல் வரிசையில் தூங்கிப்போனேன். வீட்டுக்கு வந்ததும் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு விரல்கள் நடுங்கத் தொடங்கின. ஒரு தீர்ப்பு நகலில் வாதி என்று வர வேண்டிய இடத்திலெல்லாம் பிரதிவாதி என்று அடித்து வைத்திருந்தேன். நல்லவேளை, கையெழுத்துக்குப் போகும் முன்பே மேலாளர் அம்மா பார்த்துவிட்டார். அவர் திட்டவில்லை. "கொஞ்ச நாள் ரெக்கார்டு ரூம்ல இரும்மா" என்றார். பழைய வழக்குக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தபோது, இது நோயா, மாத்திரையா, அல்லது இனி நான் என்பதே இவ்வளவுதானா என்று புரியவில்லை.

ஒரு தப்பு செய்தேன். யாரிடமும் சொல்லாமல் இரண்டு மாத்திரைகளையும் ஒரேயடியாக நிறுத்தினேன். நான்கு நாளில் தூக்கம் கெட்டது. படபடப்பு, வாந்தி, எரிச்சல். ஜெயசீலன் கண்டுபிடித்து மருத்துவரிடம் கூட்டிப்போனார். "பாத்தீங்களா, நிறுத்தினா நோய் திரும்புது" என்றார் மருத்துவர். நானும் அதை நம்பினேன். மருந்தைத் திடீரென்று விடுவதாலேயே தூக்கம் கெடலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. இதைப் படிக்கிறவர்களில் யாராவது மாத்திரை டப்பாவைத் தூக்கி எறியும் யோசனையில் இருந்தால், தயவுசெய்து வேண்டாம். நான் செய்து பார்த்தேன்; அதற்குப் பிறகு என் பேச்சுக்கு வீட்டில் மதிப்பே இல்லாமல் போனது.

அந்த வருடம் மருத்துவ விடுப்புக்காகப் பழைய மருந்துச் சீட்டுகளையெல்லாம் அலுவலகத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் வேலையில் எந்தக் கட்டையும் தேதி வாரியாக அடுக்கி, மேலே ஒரு பட்டியல் போடுவோம். அதே பழக்கத்தில் என் சீட்டுகளையும் அடுக்கினேன். நடுங்கும் விரலால் மெதுவாகப் பட்டியல் அடித்தேன். முகவாதம். ஸ்டீராய்டு தொடக்கம். தூக்கம் நின்றது. மாமல்லபுரம். மருத்துவமனை.

ஸ்டீராய்டுக்கும் தூக்கம் நின்றதற்கும் நடுவில் மூன்றே நாள். அதுவரை என் உடம்பில் அப்படி எதுவும் நடந்ததில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு வழக்குக் கட்டில் இப்படி இருந்தால் யாராவது ஒரு வக்கீல் எழுந்து கேள்வி கேட்பார் என்று மட்டும் தெரிந்தது.

இன்னொரு மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றேன். ஜெயசீலன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"இப்ப இன்னாத்துக்கு? ரெண்டு வருஷமா வூடு அமைதியா கீது."

"வூடு அமைதியாத்தான் இருக்குது. நான்தான் இல்ல."

"உனக்கு அன்னிக்கு நடந்தது பாதி ஞாபகம் இல்ல எஸ்தரு. எனக்கு எல்லாம் ஞாபகம் கீது. பீச்சாண்ட நின்னுகினு என்னை யாருன்னு கேட்ட. தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவர் அதுவரை சொன்னதே இல்லை. சோற்றைப் பிசைந்தபடி அழுதார். அவருக்கு என் மேல் இருந்தது கோபம் என்று நினைத்திருந்தேன். பயம் என்பது அன்றுதான் புரிந்தது. அப்படியும் மறுவாரம் அவரே அரை நாள் லீவு போட்டார்.

முதல் மருத்துவரிடம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அவரிடம் சிகிச்சை விவரம் எழுதித் தரக் கேட்டேன். "என் மேல நம்பிக்கை போயிடுச்சா?" என்றார், லேசாகச் சிரித்தபடி. "இல்ல சார், எனக்கு என் மேலதான் நம்பிக்கை போயிடுச்சு" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். இரண்டு பக்கத்துக்கு ஒழுங்காக எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது மனநல மருத்துவர் மாமல்லபுரம் தாண்டி, கடலோரச் சாலையில் ஒரு மாடியில் வாரம் இரண்டு நாள் நோயாளிகளைப் பார்க்கும் பெண். என் பட்டியலை இரண்டு முறை படித்தார். பிறகு ஜெயசீலனிடம் கேட்டார்: "ஆஸ்பத்திரியில சேர்த்தப்போ ஸ்டீராய்டு பத்தி சொன்னீங்களா?"

"முகவாதம்னு சொன்னேன் மேடம். மாத்திரை பேரு ஞாபகம் வர்ல. கையில ரத்தம் ஒழுகிகினு இருந்துச்சு அப்போ."

"உங்க மேல தப்பு இல்ல. சிலருக்கு ஸ்டீராய்டே இப்படி மனசைப் பொங்க வைக்கும். மாத்திரை நின்னா அதுவும் கொஞ்ச நாள்ல அடங்கிடும்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "உங்க குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது மதுராந்தகம் பெரியம்மா நினைவுக்கு வந்தார். சில வாரங்கள் ஏரிக்கரையில் நடந்துகொண்டே போகிறவர் வருகிறவருக்கெல்லாம் வேதம் சொல்லி ஊழியம் செய்வார். பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். பரிசுத்த ஆவியானவர் இறங்கியிருக்கிறார் என்று வீட்டில் சொல்வார்கள். எந்த மருத்துவரிடமும் காட்டியதில்லை. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னேன். மருத்துவர் எழுதிக்கொண்டார்.

"அப்போ எனக்கு அந்த நோய் இருக்கா, இல்லையா டாக்டர்?"

"தெரியலம்மா."

"முதல் டாக்டர் தப்பா?"

"அன்னைக்கு அந்த நிலைமையில உங்களைப் பார்த்திருந்தா நானும் இதே மாத்திரைதான் கொடுத்திருப்பேன். இது ஸ்டீராய்டு மட்டும் செஞ்ச வேலையா இருக்கலாம். உள்ள ஏற்கனவே இருந்ததை அது எழுப்பி விட்டிருக்கலாம். ஒரே ஒரு தடவை வந்ததை வெச்சு என்னால சொல்ல முடியாது. மெதுவாக் குறைச்சுப் பார்க்கலாம். அப்பவும் உறுதியாத் தெரியாம போகலாம்."

ரத்தத்தில் லித்தியம் அளவு, தைராய்டு, சிறுநீரகம் எல்லாம் பார்க்கச் சொன்னார். லித்தியம் தேவைக்கு மேல் ஏறியிருந்தது. கை நடுக்கத்துக்கு அது ஒரு காரணம் என்றார். முதல் மருத்துவரிடம் போனில் பேசி, அதை அப்போதே குறைத்தார். ஒலான்சபினைப் பல மாதங்களில் படிப்படியாக விடுவதென்று முடிவானது. நானும் ஜெயசீலனும் தனித்தனியாக என் தூக்கத்தையும் மனநிலையையும் தினமும் குறித்து வர வேண்டும்.

பதில் கிடைக்கும் என்று போனவள், முன்பைவிடக் குழம்பித் திரும்பினேன். பஸ்ஸில் ஜெயசீலன் கேட்டார், "இன்னா சொல்றாங்க அவங்க, நோவு கீதா இல்லியா?" எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று யோசித்து அடக்கிக்கொண்டேன்.

அடுத்த மாதங்களில் அந்தச் சந்தேகம்தான் பெரும்பாடாக இருந்தது. விரல் நடுக்கம் சீக்கிரமே குறைந்தது. காலையில் தலை பாரமில்லாமல் எழுந்தேன். ஆனால் ஒவ்வொரு நல்ல விஷயமும் சந்தேகத்தோடு வந்தது. வேகமாகத் துணி துவைத்தால், இது நலமா, தொடக்கமா? ஷாலினியைக் கடிந்துகொண்டால், இது அம்மாவின் கோபமா, நோயின் கோபமா? ஒருமுறை மூன்று நாள் தொடர்ந்து தூக்கம் குறைந்தது. மருத்துவருக்குப் போன் செய்தேன். குறைப்பதை அந்த மாதம் நிறுத்தி வைத்தார். அதுவாகச் சரியானது. ஏன் போனது, ஏன் வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் ஜெயசீலனின் குறிப்பேட்டைப் பார்த்தேன். அவர் எழுத்து கோணல் மாணலாக இருக்கும். "ஆறரை மணி நேரம் தூங்கினாள். நல்லா சாப்பிட்டாள். மீன் குழம்பு வைக்கும்போது பாட்டு பாடினாள். நல்ல பாட்டா என்று தெரியவில்லை." அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் சந்தேகத்தை நான் மட்டும் சுமக்கவில்லை என்பது ஆறுதலாக இருந்தது. என் பாட்டைக்கூட ஒருவர் கணக்கில் எடுத்துப் பயந்திருக்கிறார் என்பது வலித்தது. இரண்டும் ஒரே சமயத்தில்.

இப்போது ஒலான்சபின் இல்லை. லித்தியம் குறைந்த அளவில் தொடர்கிறது. அதை எப்போது விடலாம், விடலாமா என்று இன்னும் முடிவாகவில்லை. என் கோப்பில் நோயின் பெயர் அப்படியே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் அந்த மருத்துவர் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். நான் மறுபடியும் தட்டச்சுக்கு வந்துவிட்டேன். பழைய வேகம் இல்லை. அடித்ததை இரண்டு முறை படிக்கிறேன்.

இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிறவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. சீட்டுகளைத் தேதி வாரியாக எடுத்துப் போங்கள். உங்களுக்குப் பாதகமானதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தெரியவில்லை என்று ஒரு மருத்துவர் சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். எனக்கு அந்த வார்த்தை கிடைக்க இரண்டு வருடம் ஆனது.

சென்ற மாதம் ஷாலினிக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்தது. மதியம் போனில் செய்தி வந்ததும் நான் கத்தினேன். அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன், சத்தம் போட்டுச் சிரித்தேன். திரும்பினால் ஜெயசீலன் வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படிப் பாக்காதீங்க. இது சந்தோஷந்தான்" என்றேன்.

"நான் அதுக்குப் பாக்கல எஸ்தரு" என்றார். "நீ இப்பிடிச் சிரிச்சி ரொம்ப நாளாச்சு. அதான்."

முன்பெல்லாம் ஒரு சந்தோஷம் வந்தால் மூன்று நாள் பொறுப்பேன். தூக்கம் கெடவில்லை, பேச்சு மிஞ்சவில்லை என்று பார்த்த பிறகே அதை என்னுடையது என்று எடுத்துக்கொள்வேன். என் நாள்காட்டி எப்போதும் என்னைவிட மூன்று நாள் பின்னால் ஓடியது. அன்று அப்படிக் காத்திருக்க முடியவில்லை. நெஞ்சு படபடத்தது, கன்னம் சூடாக இருந்தது, கால் தரையில் நிற்கவில்லை. இது எதனால் என்று என் உடம்பிடம் கேட்காமல், அந்த மதியத்தை அந்த மதியத்திலேயே வாழ்ந்து தீர்த்தேன்.