நாலு திருக்கையும் ஒரு வருத்தமும்

கைகள் குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய பிஸ்கற் பேணிக்குள் போட்டன. கடதாசிகளைத் தட்டி ஓரம் சேர்த்தன. அடிமட்டத்தை எடுத்து, ஆங்கிலக் கடிதமொன்றின் மூன்றாவது வரிக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்தன. பிறகு அந்தக் கடிதத்தை விரல் நுனியால் மட்டும் பிடித்து, கூடையிலிருந்து அழுகின மீனை எடுத்து வைப்பதுபோல, மேசையின் ஓரத்தில் வைத்தன.

கடிதத்தின் அடியில் ‘உங்கள் நலனே எங்கள் அக்கறை’ என்று பொன்னிறத்தில் அச்சிட்டிருந்தது. றஞ்சிதத்துக்கு எல்லாவற்றையும் விட அந்த வரிதான் அருவருப்பு.

றஞ்சிதம் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடம் சிற்றூழியராக இருந்தவள். பாதிக் காலம் பதிவேட்டு அறையில். துண்டு வெட்டி வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு நோயாளியின் கோவையிலும் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு மூன்று இலக்கங்களும் எழுதுவார்கள். கோவை அடுக்கத்தான் அவளை வைத்திருந்தார்கள், வாசிக்க அல்ல. அவள் வாசித்தாள். உலகத்து நோய் வருத்தங்களுக்கெல்லாம் ஒவ்வோர் இலக்கம் உண்டென்று கண்டதும், அந்த இலக்கங்கள் உள்ள பெரிய புத்தகத்தைப் பக்கம் பக்கமாகக் கொப்பியில் எழுதி எடுத்தாள். ஓய்வுபெற்ற பிறகு பேசாலையில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் முன்மேசையில் இருந்து, காப்புறுதிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறாள்.

சொற்களை அவள் தன் பாட்டில் விளங்கப்படுத்துவாள். “காத்திருப்புக் காலமெண்டா, நீங்கள் காசு கட்டலாம், வருத்தம்தான் வரக்கூடாது. விலக்கு எண்டா, உங்களுக்கு வரக்கூடிய வருத்தமெல்லாம் இருக்கிற பட்டியல்.”

இப்போது முன்னால் கதிரையில் இருந்தவர் அமிர்தநாயகம். படகுக்காரர். திருக்கை முள் ஏறிய வலது பாதம் அழுகி, இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அலையில் ஆடுகிற படகில் இனிக் காலூன்றி நிற்க முடியாது. அங்கம் இழந்தால் தருவதாகக் காப்புறுதிப் பத்திரத்தில் எழுதியிருந்த தொகையைத் தரமாட்டோம் என்றது கடிதம். அதோடு, முன்னரே இருந்த நோயை மறைத்ததால் பத்திரத்தையும் ரத்துச் செய்கிறார்களாம். மேன்முறையீட்டுக்கு முப்பது நாள். இருபது நாளை அமிர்தநாயகம் வெட்கத்திலேயே கழித்துவிட்டிருந்தார்.

“நான் ஒண்டையும் மறைக்கேல்லை அக்கா. எனக்கென்ன வருத்தம் இருந்தது, மறைக்க?”

“ஆஸ்பத்திரி வோட்டிலை டொக்டருக்கு என்ன சொன்னனீங்கள்?”

“திருக்கை குத்தினதெண்டு.”

“பிறகு?”

அவர் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். “இது எனக்கு நாலாவது தரமெண்டும் சொன்னனான்.”

“ஆர் கேட்டது?”

“ஒருத்தரும் கேக்கேல்லை. பக்கத்துக் கட்டிலிலை எங்கட கரைப் பெடியன் ஒருத்தன் கிடந்தவன். தனக்கு ரெண்டு தரம் குத்தினதெண்டு பெரிய கதை. பேசாமல் கிடக்கலாமோ?”

றஞ்சிதம் கண்ணை மூடித் திறந்தாள். அந்தக் கரையில் ஆண்களுக்கு இதுவொரு பழக்கம். திருக்கைக் குத்தைத் தேர்த் திருவிழாவில் எத்தனை தரம் தோள் கொடுத்தோம் என்பதுபோல எண்ணி வைத்திருப்பார்கள். வேறூரிலிருந்து வந்த இளம் டொக்டருக்கு அது எங்கே தெரியும்? ‘திருக்கைக் காயத்தின் பின் பாதத்தில் கிருமித்தொற்று, முன்னரும் மூன்று தரம்’ என்று அட்டையில் எழுதிவிட்டார். கம்பனியில் யாரோ அதன் நடுத்துண்டை மட்டும் எடுத்து, எல் பூச்சியம் மூன்று என்று இலக்கம் போட்டிருந்தார்கள். தோலுக்குக் கீழே பரவுகிற தொற்று. முள்ளும் போயிற்று, மீனும் போயிற்று. ஒரே வருத்தம் நாலு தரம் வந்த மனிதர் ஒருவர் மிஞ்சினார்.

“நாலு திருக்கை, நாலு விபத்து. இவங்கள் அதை ஒரு நோயாக்கிப்போட்டாங்கள்” என்றாள். அவள் குரல் உயரவில்லை.

அடுத்த கிழமை அவள் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். மூன்று நாள் டொக்டரைக் காணவில்லை. நாலாம் நாள் அவர் கோவையைப் பார்த்து, புதுக் கடிதம் எழுதிக் கொடுத்தார்: பழைய குத்துகள் மூன்றும் வேறு வேறு விபத்துகள்; மூன்றும் முற்றாக ஆறியவை; இம்முறைத் தொற்றுக்குக் காரணம் இம்முறை ஏறிய முள்ளே. காரணத்துக்குரிய இலக்கத்தையும் அவள் கேட்டு எழுதுவித்தாள். ரி அறுபத்து மூன்று புள்ளி ஐந்து. மீனால் வந்த நஞ்சு.

இருபத்தெட்டாம் நாள் காலை, பத்திரத்தை விற்ற முகவர் றெனால்ட் மேன்முறையீட்டுக் கடதாசிகளைக் கம்பனிக்கு எடுத்துப்போக வந்தான். அத்தர் மணம் அவனுக்கு முன்னே கடைக்குள் வந்தது.

“அன்ரி, சுகமான வழி ஒண்டிருக்கு. அந்த முன்னரும் மூண்டு தரமெண்டதை டொக்டரைக் கொண்டு வெட்டுவிச்சா, பிரச்சினை முடிஞ்சுது.”

“வெட்டினா, மறைச்சவர் எண்டது உண்மையாப் போயிடும்.” அவள் ஒரு தாளை அவன் பக்கம் திருப்பினாள். பத்திரம் எடுத்த அன்றைய படிவம். ‘முன்னர் காயம், சத்திரசிகிச்சை, நோய் ஏதும் உண்டா?’ பதினாலு கேள்விகள், பதினாலு ‘இல்லை’. “இது ஆற்றை எழுத்து?”

“என்ரைதான். எல்லாருக்கும் நாங்கள்தானே நிரப்பிறது.”

“இவரைக் கேட்டனீரோ?”

பக்கத்துக் கதிரையில் இருந்த அமிர்தநாயகம் முந்திக்கொண்டார். “எங்கை கேட்டது? பூசை முடிஞ்சு வரேக்கை மோட்டச்சைக்கிள் சீற்றிலை வைச்சுக் கையெழுத்து வாங்கினது. கேட்டிருந்தா நாலு நாலரையெண்டு நானே சொல்லியிருப்பன்.”

“பத்திரம் எடுக்கேக்கை மூண்டுதான்” என்றாள் றஞ்சிதம், சிரிக்காமல். பிறகு றெனால்டிடம் வெற்றுத்தாள் ஒன்றைத் தள்ளினாள். “கேக்காமல் நானே நிரப்பினனான் எண்டு எழுதித் தாரும்.”

“அன்ரி, என்ரை வேலை போயிடும்.”

“இவற்றை வேலை போய் ரெண்டு மாசம். கோயில் முற்றத்திலை எத்தினை பேருக்கு இப்பிடிப் பத்திரம் வித்தனீர்? அவையள் எல்லாரும் நாளைக்கு இந்த மேசைக்குத்தான் வருவினம். நீர் எழுதாட்டி, இண்டைக்கே நான் அவையிட்டைப் போறன்.”

அவன் அமிர்தநாயகத்தின் பாதத்தைப் பார்க்காமல் எழுதினான். மூன்று வரி. அவள் வாசித்து, திகதி இல்லையென்று திருப்பிக் கொடுத்தாள். போட்டுக் கொடுத்தான். அவனுடைய பேனையை அவள் கையால் தொடாமல் கடதாசியோடு சேர்த்துத் தள்ளிவிட்டாள்.

மேலே மேன்முறையீடு, பிறகு டொக்டரின் கடிதம், துண்டு வெட்டிய அட்டை, பழைய படிவம், அதன்மேல் றெனால்டின் மூன்று வரி. தட்டி ஓரம் சேர்த்து, இரண்டு இடத்தில் ஊசி அடித்தாள். எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிரதி எடுத்து, பிரதியின் முதல் பக்கத்தில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று றெனால்டை எழுதுவித்து, மணியையும் போடச் சொன்னாள். ஒன்பது இருபது.

பிரதியை அமிர்தநாயகத்தின் மடியில் வைத்தாள். மூலத்தை இரண்டு கையாலும் றெனால்டிடம் கொடுத்தாள்.