ஸ்டாஃப் பஸ்ஸில் அம்மாவின் குரல்

டீசல் புகை, ஈரத் தலையில் மல்லிகை, வெயில் ஏறாத ரெக்சின் சீட்டின் குளிர்ச்சி... செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் போகும் எங்கள் ஸ்டாஃப் பஸ் என்றால் முதலில் இதுதான் ஞாபகம் வரும். அப்புறம்தான் பாட்டு.

பிடித்த பாட்டு எது, ஏன் பிடிக்கும் என்று நாலு நாளாக இந்த குரூப்பில் ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். என் பாட்டுக்குப் பின்னால் ஒரு மானக்கேடு இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில். எனக்கு இருபத்திரண்டு வயது. டிராயிங் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருந்தேன்.

அந்த பஸ்ஸில் ஒரு வழக்கம். டிரைவர் முனுசாமி அண்ணன் எங்கிருந்தோ ஒரு டேப் செட் கொண்டுவந்து மாட்டியிருந்தார். சீட் வரிசைப்படி தினம் ஒருவர் கேசட் கொண்டுவர வேண்டும். கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார முடியாது. திருக்கழுக்குன்றம் தாண்டியதும் எழுந்து நின்று, முதல் பாட்டு ஏன் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் பட்டனை அமுக்குவார்.

ஸ்டோர்ஸில் இருந்த கமலாக்கா ஒருமுறை எழுந்து, "என் கல்யாணத்துல இந்தப் பாட்டு பாதி ஓடறப்போ கரண்டு பூட்ச்சி. மீதிய இன்னிக்கித்தான் கேக்கப் போறேன்" என்றார். பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது.

நானும் சிரித்தேன்... ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

சேர்ந்து மூன்று மாதமாகியும் அங்கே யாரிடமும் நாலு வார்த்தை பேசியதில்லை. அவர்கள் மேல் தப்பில்லை. யாராவது ஏதாவது கேட்டால் ஆமாம், இல்லை என்று முடித்துவிடுவேன். எனக்கு வாயே வராது. கொஞ்ச நாளில் அவர்களும் விட்டுவிட்டார்கள். என் பக்கத்து சீட் அநேகமாகக் காலிதான். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். வேலை பிடிக்காமல் இல்லை, அந்த ஒரு மணி நேரப் பயணம்தான் தாங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை முனுசாமி அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"திங்கக்கெழம உன் மொறம்மா. கேசட் எடுத்துகினு வா. இன்னா?"

தலையாட்டினேன்.

எந்தப் பாட்டு என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. புல்லாங்குழலில் தொடங்கும் பழைய பாட்டு ஒன்று. அப்பா சட்டைக்கு இஸ்திரி போடும்போதெல்லாம் ராகம் தப்பி அதைத்தான் முணுமுணுப்பார். கடையில் கேட்டேன், கிடைக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் அநேகமாக வந்துவிடும்.

பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கினேன். அவர்களே கொடுத்த பழைய கேசட்டில் மறுபடி பதிவாவதற்காக அதன் ஓட்டையில் பேப்பரைத் திணித்து, ரேடியோவுக்கு எதிரே ஸ்டூலில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். புல்லாங்குழல் கேட்டதும் அமுக்கினேன். அமுக்கிவிட்டு வாசலுக்கு ஓடினேன். ஐஸ் வண்டிக்காரர் மணி அடித்துக்கொண்டு வருகிற நேரம்... தெருச் சத்தம் விழுந்துவிடக் கூடாதே!

கையெடுத்துக் கும்பிட்டு அவரை அடுத்த தெருவுக்கு அனுப்பிவைத்தேன். பாட்டு முடிந்ததும் உள்ளே வந்து நிறுத்தினேன். போட்டுப் பார்க்க நேரமில்லை. டேப் ரெக்கார்டரைத் திருப்பிக் கேட்டு ஆள் வந்துவிட்டது.

திங்கட்கிழமை எழுந்து நின்றேன். இரண்டு நாளாக மனப்பாடம் செய்ததில் ஒரு வரிகூட வரவில்லை. "சும்மா... புடிக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் பாவம் பார்த்து பட்டனை அமுக்கினார்.

புல்லாங்குழல் வந்தது. பல்லவி வந்தது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால், வாத்தியம் மட்டும் மெதுவாக ஓடுகிற இடத்தில்... எங்கம்மா பேசினாள்.

"ஏங்க, சத்தம் போடாதீங்க. புள்ள டேப்புல பாட்டு புடிக்குது. அந்த பஸ்ஸுல அதுங்கூட யாருமே பேசறதில்லயாம். வூட்டுக்கு வந்தா மூஞ்சத் தூக்கி வெச்சிகினு உக்காந்துடுது. இந்தப் பாட்டக் கேட்டாவது நாலு பேரு பேச மாட்டாங்களான்னு பாக்குது."

பின்னாலேயே அப்பா. "நம்ம பாட்டாச்சே... பேசுவாங்க, பேசுவாங்க."

நாலு ஸ்பீக்கரிலும் தெளிவாகக் கேட்டது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் முனுசாமி அண்ணன் டேப்பை நிறுத்தினார்.

"உங்கம்மாவா? நல்லாத்தான் சொல்லிக்கீது."

கமலாக்கா தன் இடத்திலிருந்து எழுந்து வந்து, "தள்ளு" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எங்க மானத்த வாங்கிட்டியேடி. உங்கம்மா எங்களப் பத்தி இன்னா நெனச்சிகினு இருப்பாங்க?"

அப்போதுதான் பஸ் சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. கல்பாக்கம் வருவதற்குள் என் படிப்பு, தெரு, அப்பா வேலை பார்க்கும் ஸ்கூல் எல்லாம் கேட்டு முடித்துவிட்டார் அக்கா. அதன் பிறகு எத்தனையோ வருஷம், என் முறை வந்தால் வேறு கேசட்டுக்கு அனுமதியே கிடையாது.

அன்று சாயந்தரம் அம்மாவை ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றுவதற்குள் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, பேசினாங்களா?"

அந்த முகத்தைப் பார்த்து எங்கே சண்டை போடுவது! "பேசினாங்கம்மா" என்றேன்.

இப்போது என் பையன் ஐடி வேலைக்குப் போகிறான். சிங்கப்பெருமாள் கோயிலில் கம்பெனி பஸ் ஏறுகிறான். எந்தப் பாட்டு வேண்டுமானாலும் போனில் நொடியில் வருகிறது. ஒரு இரைச்சல் இல்லை, பிசிறு இல்லை. எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன்.

போன வாரம் அவன் காதிலிருந்து இயர்போன் ஒன்றைப் பிடுங்கி என் காதில் வைத்துக் கேட்டேன். நல்ல பாட்டு. ஏன்டா இது பிடிக்கும் என்றேன்.

"இத மாட்டிக்கிட்டா பஸ்ல யாருகிட்டயும் பேச வேணாம்மா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அவன் டிபன் பாக்ஸில் இரண்டு ஆள் சாப்பாடு கட்டினேன்.

"இவ்ளோ எதுக்கும்மா?"

"பக்கத்து சீட்டுல வர்ற புள்ளைக்கு. அதும் பேரு இன்னான்னு சாயங்காலம் வந்து சொல்லு."