பூட்டிய வீட்டில் ஒரு பகல் தூக்கம்

என் அத்தை, அப்பாவின் தங்கை, பின்னாளில் ஒரு நகரத்துக்கே மேயரானார். அவருடைய பொதுவாழ்வு எங்கே தொடங்கியது என்று மேடைகளில் விதவிதமாகச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து அது கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, வைசூரியில் ஒரு குடும்பமே செத்துப்போன வீட்டில் தொடங்கியது. அப்போது நான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். கடலைக்காட்டு வேலைக்கு வரும் பெண்கள் கைக்குழந்தைகளை வரப்பில் கிடத்திவிட்டுப் போவார்கள். அப்படிக் கிடந்த ஒன்றைப் பாம்பு தீண்டிவிட்டது. அன்றிலிருந்து அத்தைக்கு ஒரே பேச்சு: பிள்ளைகளை விட்டுப்போக ஓர் இடம் வேண்டும். காலியாகக் கிடந்தது அந்த ஓட்டுவீடு ஒன்றுதான். பூட்டை உடைத்துச் சுண்ணாம்பு அடித்தார், பாய் விரித்தார். ஒரு பிள்ளைகூட வரவில்லை. ஆகவே என்னை அனுப்பச் சொல்லி வீட்டில் கேட்டார்.

"அந்த ஊட்டுக்கா? ஏனுங்க, வேற புள்ளையே கிடைக்கலீங்களா?" என்றாள் அம்மா.

அப்பா தங்கை சொல்லைத் தட்டாதவர். எனக்கு ஐந்து வயது; என்னை யாரும் கேட்கவில்லை.

வெளியே உச்சிவெயில். உள்ளே சில்லென்ற இருட்டு. உத்தரத்தில் பழைய தொட்டில்கயிற்றின் மிச்சம் தொங்கியது. காற்றே இல்லாமல் லேசாக ஆடியது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். முதுகில் ஒரு கை மெல்லத் தட்டிக்கொடுத்தது. தூங்கிப்போனேன்.

விழித்தபோது அத்தை வேலியோரம் நின்று, காட்டுவேலைப் பெண்களோடு வாதாடிக்கொண்டிருந்தார். ஒருவரும் வாசலுக்குள் கால் வைக்கவில்லை. நான் ஓடிப்போய் அத்தையின் சேலையைப் பிடித்தேன்.

ஒருத்தி குனிந்து, "பாப்பா, உள்ள பயமா இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. அத்தைதான் தட்டிக்குடுத்துட்டே இருந்தாங்களே."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தப் பெண்களின் முகங்களைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

மறுநாளே பிள்ளைகள் வந்தார்கள். அந்தத் தாய்மார்கள்தான் பிறகு தண்ணீருக்காகப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனபோது அத்தையை முன்னால் நிறுத்தினார்கள். கல்யாணமாகிப் போன நகரத்திலும் அதே வேலை. கவுன்சிலர், அப்புறம் மேயர். ஆனால் அந்த வீட்டில் அவர் ஒருநாளும் தனியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நான் தூங்கிய அன்று வீடு திரும்பும்போது, அத்தை பாதி வழியில் நின்றார். என் உயரத்துக்குக் குனிந்து, யாரும் இல்லாத ரோட்டில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"கண்ணு, உன்னைத் தட்டுன கை சுட்டுச்சா, சில்லுன்னு இருந்துச்சா?"

"சில்லுன்னு."

தன் கையைப் பற்றி என்னிடம் ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விடுகதை போடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "இன்னொண்ணு கேளுங்கத்தை" என்றேன்.