மடியில் ஒரு பாட்டில்

மதுரை போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரால் எனக்கு எரிச்சல். நரைத்த தாடி, சட்டையெல்லாம் மல்லிகை வாசம். திண்டுக்கல்லில் ஏறியதிலிருந்து மடியிலிருந்த ஒயர் கூடைக்குள் கையை விட்டு, ஒரு பாட்டிலின் மூடியை இறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அதுல என்னண்ணே?"

"வீட்டுக்காரிக்கு மார்ல எடுத்த கட்டி, தம்பி. புத்துநோயான்னு டெஸ்ட்டு பண்ணக் கொண்டு போறேன். முந்தி வேற ஆஸ்பத்திரியில எடுத்தாக. சுத்தமா எடுத்தாச்சுன்னாக. டெஸ்ட்டுக்கே அனுப்பல. திரும்ப வந்துருச்சு. இந்த டாக்டரு, ரிசல்ட் பாக்காம ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்னுட்டாரு."

மறுபடியும் மூடியை இறுக்கினார்.

"எங்கம்மாவுக்கும் போன மாசம் இதே ஆபரேஷன்தாண்ணே."

"டெஸ்ட்ல என்னா வந்துச்சு?"

எங்கள் கையில் யாரும் பாட்டில் எதுவும் தரவில்லை.

"சுத்தமா எடுத்தாச்சுன்னு சொன்னாங்க," என்றேன்.

அதுவரை ஓயாத அவர் கை, மூடியின் மேல் அப்படியே நின்றுவிட்டது.