கைலியை இறக்கிவிட்ட இன்டர்வியூ

டிகிரி வரை படித்தும், என் வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த அளவுக்குத் தலைவலி எடுக்கும் வேலையை நான் செய்ததில்லை. பாம்பனில் பாலம் கட்டியபோது கீழே நின்று தூக்கு, இறக்கு என்று கிரேனுக்குக் கைகாட்டியவர் அவர். துபாய்க்குப் போக அது போதும் என்று நினைத்தார். கீழக்கரையில் பாதித் தெரு அங்கேதானே இருக்கிறது. ஆனால் செல்போன் வீடியோவில் நடந்த இரண்டு இன்டர்வியூவும் ஊற்றிக்கொண்டன. எது கேட்டாலும் "யெஸ் சார்" என்பார். உயரம் என்றால் பயமா என்று கேட்டதற்கும் யெஸ் சார்தான்.

"புரியலைன்னா திருப்பிக் கேளுங்க மச்சான்" என்றால் கோபம் வந்துவிடும்.

"பெரிய ஆளு பேசும்போது, என்ன சொன்னீங்கன்னு கேக்குறது மரியாதையா புள்ள?"

மூன்றாவதும் போனால் ஏஜென்ட் கைவிட்டுவிடுவார். அதனால் மீன் ஆயும்போதும் சோறு வடிக்கும்போதும் அவரை விடாமல் பிடித்து ஒரே வாக்கியத்தைச் சொல்ல வைத்தேன்: "சார், ப்ளீஸ் ஸ்லோ. ஒன்ஸ் மோர்."

மூன்றாவது இன்டர்வியூ அன்றைக்கு மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே மடித்துக் கட்டிய கைலி. போனில் முகம் மட்டும்தானே தெரியும் என்றார். அந்தப் பக்கம் கேள்வி கேட்கும் துபாய் சார் தலை தெரிந்ததோ இல்லையோ, சட்டென்று எழுந்து நின்று கைலியை இறக்கிவிட்டார். எங்கள் பக்கம் பெரியவர்களைக் கண்டால் அப்படித்தான். இப்போது போனில் தெரிந்தது வயிறு மட்டும். "சிட், சிட்" என்று சார் கத்துகிறார். இவர் மரியாதை குறையாமல் நிற்கிறார். போனுக்குப் பின்னால் இருந்த நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

ஒருவழியாக உட்கார்ந்தார். சார் கடகடவென்று ஏதோ கேட்டார். இவர் வாய் யெஸ் சொல்லத் திறந்தது. நான் முறைத்தேன். எச்சிலை விழுங்கிவிட்டு, "சார், ப்ளீஸ் ஸ்லோ. ஒன்ஸ் மோர்" என்றார்.

சார் முகம் மலர்ந்துவிட்டது. கிரேனுக்குக் கீழே புரியாமல் தலையாட்டுகிறவனால்தான் ஆள் சாகிறது, இப்படித் திருப்பிக் கேட்கிறவன்தான் தனக்கு வேண்டும் என்றார். எனக்கு ஒரே கும்மாளம்.

எப்போது வர முடியும் என்று கடைசியாகக் கேட்டார். அதே வேகம்தான். ஆனால் இந்தத் தடவை இவர் திருப்பிக் கேட்கவில்லை.

"டுமாரோ, சார்!"

இந்த வேலை கிடைக்க வேண்டும் என்றுதான் மாதக்கணக்கில் அவரோடு மல்லுக்கட்டினேன். கிடைத்தால் அவர் வீட்டில் இருக்கமாட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.