வால் வெட்டிய ஃபைல்

ஃபைலைக் கெடுப்பதுதான் என் வேலை. சொன்னால் சிரிக்கிறார்கள். முதுநகரில் ரயிலேறி சிதம்பரம் போய், நாள் முழுக்க நல்ல ஃபைல்களைக் கெடுத்து, தாங்குகிறதா என்று பார்க்க ஒரு பெட்டிக்குக் கொடுப்பேன். இறால் குட்டையில் தண்ணீருக்குக் காற்றடிக்கும் ஏரேட்டரை ஓட்டும் பெட்டி அது. உள்ளே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மொழி. கம்பைல் செய்த ஃபைல் சொல்கிறபடி அது நடக்கும். கெட்ட ஃபைல் வந்தால் தள்ளிவிட்டு, பழையதையே ஓட்ட வேண்டும்.

காலி ஃபைல் கொடுத்தேன், தள்ளியது. தலைப்பைக் கிறுக்கிக் கொடுத்தேன், அதையும் தள்ளியது. வேறு வெர்ஷனும் தப்பவில்லை. அப்புறம் தலைப்பை ஒழுங்காக விட்டு, வாலை வெட்டிக் கொடுத்தேன். ஃபைலின் நீளத்தைச் சொல்லும் அந்தத் தலைப்பை நம்பி, இல்லாத மீதியையும் படிக்கப் போய்ப் பெட்டி அப்படியே நின்றுவிட்டது. ஏரேட்டரும் நின்றது.

மேனேஜரிடம் காட்டினேன்.

"ஃபைல யாருங்க பாதியா வெட்டப் போறாங்க?" என்றார்.

மனுஷன் ஒரு நாளாவது குட்டைப் பக்கம் போயிருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டார். என் மாமனார் அண்ணாகிராமத்து முந்திரிச் சாகுபடியை விட்டுவிட்டுச் சிதம்பரத்துக்குக் கிழக்கே குட்டை குத்தகைக்கு எடுத்திருக்கிறார். கரண்ட் போனால் சுவிட்சை ஜெனரேட்டருக்குத் தள்ளுவார், வந்தால் திரும்பத் தள்ளுவார். ஒவ்வொரு தடவையும் பெட்டி அணைந்து எரியும். அந்த நேரம் அப்டேட் இறங்கிக்கொண்டிருந்தால் பாதி ஃபைல்தான் மிஞ்சும். இரண்டு முறை எடுத்துச் சொன்னேன்.

"அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம். டெஸ்ட் முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போடுங்க."

எனக்கு அலுத்துவிட்டது. போட்டேன். மாமாவிடமாவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லித்தான் அந்தப் பெட்டியை வாங்கி மாட்டினார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

அப்டேட்டை அனுப்பிய அதே வாரம், விடிகிற நேரத்தில் மாமாவிடமிருந்து போன் வந்தது. "மாப்ள, பொட்டி கம்முனு கெடக்கு. எறா பூரா மேல வந்துடுச்சி."

நான் போய்ச் சேர்வதற்குள் முக்கால்வாசி செத்திருந்தது. மாமா கரையில் உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் சேறு.

"கரண்ட் வந்துச்சி, சுவிட்ச மாத்திட்டு, பொட்டி பாத்துக்கும்னு படுத்துட்டேன். இப்டி ஆவும்னு ஒனக்குத் தெரியாதா மாப்ள?"

"தெரியாது மாமா."

அவர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

"செரி வுடு. ஒனக்கே தெரியலன்னா வேற எவனுக்குத் தெரியப் போவுது."